பாதிக் கம்பத்தில் ஒரு கொடி

மழை விட்ட காலையில்தான் கைப்பேசிக்குச் சிக்னல் வந்தது. முதலில் பேசியவள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு இருக்கும் செல்வி. "கலாக்கா, மண்ணு சரிஞ்சு மேல் லயம் போயிருச்சுக்கா. ராஜேஸ் அக்கா உள்ளுக்குத்தான் இருந்தாங்க" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. அக்கரப்பத்தனைப் பாதை உடைந்து பஸ் ஓடவில்லை. நடந்தே போனேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நின்ற லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வேரோடு கவிழ்ந்த ஒரு கொய்யா மரமும் கிடந்தன.

பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் எல்லோருக்கும் ராஜேஸ்வரியைத் தெரியும். அவரோடு பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள் நான். இளவயதில் வவுனியாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு டென்மார்க் போனவர் அவர். லேசோ என்ற தீவில் கணவருக்கு இறால் கம்பனியில் வேலை. இவருக்கு முதியோர் இல்லத்தில். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்த பின் திரும்பிவிட்டார். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால், "அங்க செத்தா எனக்கு யாருடி தப்படிப்பா?" என்பார். தப்படித்து, நம் ஆட்கள் தூக்கிப் போய், தேயிலைக்கு நடுவே தன் தாயின் பக்கத்தில் புதைக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வந்த புதிதில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு, அந்தத் தீவு வழக்கப்படி வாசலெங்கும் காகிதக் கொடிகளைக் கட்டிவிட்டார். சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட டென்மார்க் கொடிகள். பனிமூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயாவுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. வேலை நிறுத்தம் என்று நினைத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரு இங்க கொடி புடிக்கச் சொன்னது?" ராஜேஸ் அக்கா அசரவில்லை. "ஐயா, இன்னைக்குத் தர்ஷினிக்கு மூணு வயசு. இந்தாங்க, கேக்கு சாப்பிடுங்க." கண்டாக்கு வாங்கித் தின்றுவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகள் தூங்கும் பகல் நேரத்தில் பிளேன்டீயோடு உட்கார்ந்து தீவைப் பற்றிப் பேசுவோம். அங்கே மலையே கிடையாதாம். கப்பல் வரும் நேரத்துக்கு ஊரே துறையில் நிற்குமாம். ஆண்கள் கடலுக்குப் போய்விட, பெண்களே கடற்புல்லை முறுக்கிக் கூரை வேய்ந்த பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றனவாம். ஒரு நாள் கேலியை விட்டுவிட்டுச் சொன்னார்: "முன்னொரு காலத்துல உப்புக் காய்ச்ச வெறகு வேணும்னு அந்தத் தீவுக் காட்டையெல்லாம் வெட்டிப்புட்டாங்க கலா. காத்துல மணல் கெளம்பி வந்து வயலையும் வீட்டையும் மூடிருச்சாம். இங்க தேயிலைக்குன்னு வெட்டுனாங்க. நம்ம தலைக்கு மேல மண்ணு நிக்குது." அவர் எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டார்.

கணவர் இறந்த அன்று தெருவில் எல்லா வீட்டுக் கொடிகளும் பாதிக் கம்பத்துக்கு இறங்கியதையும் சொல்லியிருக்கிறார். "எறக்குறது மட்டுமில்ல. அடக்கம் முடிஞ்ச கையோட உச்சிக்கு ஏத்திருவாங்க. பக்கத்து வீட்டு கிர்ஸ்டன்தான் என்னைக் கூப்பிட்டுக் காமிச்சா. போனவரு போய்ச் சேந்துட்டாருன்னு அப்பத்தான் மனசு ஒத்துக்கிருச்சு. அதுக்கப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

அந்த லயம் ஆபத்தானது என்று அதிகாரிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வேறு காணி மட்டும் யாரும் தரவில்லை. முதல் மழைக்கு லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். வெயில் எட்டிப் பார்த்ததும், பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். எந்த வீட்டுக்கு? பாயைச் சுருட்டிக்கொண்டு, "மண்ணு காஞ்சிருச்சாம்டி, தொரமாரு சொல்றாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மழையிலேயே மலை சரிந்தது.

கிடைத்தவர்களை அடக்கம் செய்தோம். ராஜேஸ் அக்கா கிடைக்கவில்லை. தப்புக்காரர்கள் தப்பைத் தீயில் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெக்கோ இயந்திரம் தோண்டத் தோண்ட மேலிருந்து மண் சரிந்தது. கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். "இதையே அவங்க குழின்னு நெனச்சுக்கங்க" என்றார் ஒருவர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

கிர்ஸ்டனுக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். என் கைப்பேசியில்தான் ராஜேஸ் அக்காவும் அவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கைப்பேசியே மொழிபெயர்த்த தமிழில் பதில் வந்தது: "கொடியைப் பாதியில் கட்டியிருக்கிறேன். அடக்கம் முடிந்ததும் சொல்லுங்கள், ஏற்ற வேண்டும்." பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, விடிந்ததும் மறுபடி பாதியில் கட்டுகிறாராம். தெருவில் மற்றவர்களும் அப்படியே செய்கிறார்களாம். எங்கள் ஆட்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பியபோது ஒரு கதவும் திறக்கவில்லை. எங்கோ ஒரு தீவில் ஒரு தெருவே காத்திருக்கிறது.

தர்ஷினியின் பிறந்தநாளுக்குக் கட்டிய காகிதக் கொடி ஒன்று பிள்ளைக்காம்பரா அலமாரியில் இருந்தது. சாயம் போயிருக்கிறது. ராஜேஸ் அக்காவுடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மழை விட்ட நாட்களில் அதை எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். எந்த இடத்தில் நட வேண்டும் என்று தெரியாமல் திரும்பிவிடுகிறேன்.

இன்று காலையும் கிர்ஸ்டன் கேட்டிருந்தார்: "ஏற்றலாமா?"

"இன்னும் இல்லை" என்று அனுப்பினேன்.