மீன் படாத கழி

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேதாந்தம் கூரியரில் வந்த நீளக் குழாயைப் பிரிப்பார். முன்பு ஒரு தரம் நிறுத்தாமல் பிரித்ததில் தூண்டில் கழி ஒன்றின் நுனி விசிறியில் பட்டுத் தெறித்துவிட்டது. இன்று விசிறி நின்றாயிற்று. நெற்றியில் இட்ட திருமண் இன்னும் காயவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, கழியின் இரண்டு பாகங்களையும் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நூல் போகிற வளையங்கள் அடியிலிருந்து நுனி வரை ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். பிறகு கழியை ஆள்காட்டி விரலின்மேல் குறுக்கே கிடத்துகிறார். எந்தப் பக்கமும் சாயாமல் அது நிற்கிற இடம் கிடைத்ததும், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பாடிவிட்ட மாதிரி முகம் மலர்கிறது.

"ஏன்னா, அது நின்னா போறுமா? நீங்க நகர வேண்டாமா? கூடம் பெருக்கணும்" என்கிறாள் வஸுமதி.

வேதாந்தத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சித்தூரில் ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளர், வீடு திருப்பதியில். தமையனார் திருமலையில் கைங்கர்யத்தில் இருக்கிறார். இவரும் சனிக்கிழமைகளில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவர்தான். வெங்காயம்கூட வாசல்படி ஏறாத வீடு. அந்த வீட்டில், பூஜை நடக்கிற பெருமாள் உள்ளுக்கு அடுத்த அறையில், சுவரோரமாக வரிசையாய்த் தூண்டில் கழிகள் சார்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. நூல் சுற்றுகிற ரீல்களுக்குத் துணி உறை உண்டு. வஸுமதியின் ரவிக்கைத் துணியில் மிச்சமானதைத் தைத்தது. மூடி சரியாகப் பொருந்தாமல் ஒதுக்கிய பழைய அஞ்சறைப்பெட்டியில் ரப்பர் தவளைகள் குடியிருக்கின்றன. கடுகு இருந்த கிண்ணத்தில் கறுப்பு, மஞ்சள் இருந்ததில் பச்சை, வெந்தயம் இருந்ததில் வயிறு வெளுத்த பழுப்பு. ஒவ்வொரு தவளையின் முதுகோடும் ஒட்டினாற்போல் இரட்டைக் கொக்கி.

புழு, மண்ணில் தோண்டி எடுத்தது, உயிருள்ள தவளை — எதையும் தொடமாட்டார். "ஜீவனைக் காட்டி ஜீவனை ஏமாத்தப்படாது. ரப்பரைக் காட்டலாம்" என்பது அவருடைய சித்தாந்தம். பிடித்தாலும் கொல்லக் கூடாது; கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்கும் பிரமாணம் வைத்திருக்கிறார்.

"பெருமாளே ஒரு தடவை மீனா வந்திருக்கார், தெரியுமோல்லியோ?"

"வந்தப்போ அவர் வாயிலே யாரும் கொக்கி மாட்டலை" என்பாள் வஸுமதி.

"பிரளயத்திலே ஓடத்தை இழுக்க அவர் கொம்பிலே கயிறு கட்டினாளே!"

"அது அவராக் கேட்டுண்டது."

வேதாந்தம் குறிவைப்பது விராலை மட்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்கர்கள் கொர்ரமீனு என்பார்கள். தாமரை இலைக்கு அடியில் பதுங்கியிருந்து, மேலே தத்திப் போகிற தவளையை ஒரே வாயில் விழுங்குகிற மீன். அதற்கு எந்தக் கழி, எந்த ரீல், எந்தத் தவளை என்பதில் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு 'ராட் மாமா' என்றே பெயர். காலையில் காரை எடுப்பதற்கு முன் குரல்பதிவு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

"ராட்டுங்கறது மாப்பிள்ளை மாதிரி. நுனி வளைஞ்சு குடுக்கணும், அடி வளையவே படாது. அடியும் வளைஞ்சுதுன்னா அது மாப்பிள்ளை இல்லை, கொத்தவரங்காய்." இது ஒரு நாள். "ரீல் வாங்கப் போனா கைப்பிடியைச் சுத்திப் பாக்காதே. கடையிலே எல்லாம் நன்னாத்தான் சுத்தும். நூலை இழுத்துப் பாரு. வெண்ணெய் மாதிரி வரணும். விக்கி விக்கி வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடு." இது மறுநாள். "கலங்கல் தண்ணிக்குக் கறுப்புத் தவளை, தெளிஞ்ச தண்ணிக்குப் பச்சை."

எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்ற உபதேசம், மீன் கவ்வியதும் என்ன செய்வது என்பது. கவ்வின உடனே இழுத்தால் தவளை மட்டும் வெளியே வந்துவிடும். மீன் வாயை மூடித் திரும்புகிற வரை பொறுக்க வேண்டும். எவ்வளவு நேரம்? "கேசவா, நாராயணா, மாதவான்னு மனசுக்குள்ளே சொல்லு. மாதவாலே இழு."

இந்த உபதேசத்தை அப்படியே பிடித்துக்கொண்டவன் ஏகாம்பரம். புத்தலப்பட்டில், சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். ஒரு நாள் வேதாந்தத்தின் காருக்கு ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் பின்னால் சார்த்தியிருந்த மூங்கில் தூண்டிலை அவர் பார்க்க, பேச்சு அங்கிருந்து தொடங்கியது. அதுவரை வேதாந்தம் தூண்டிலை வீடியோவில்தான் பார்த்திருந்தார். ஆனாலும் அன்றைக்கே ஏகாம்பரத்துக்கு ஒரு ராட்டும் ரீலும் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏகாம்பரம் வெறுங்கையோடு வீடு திரும்பியதாகத் தகவல் இல்லை.

"சாமி, நீ சொன்ன கறுப்புத் தவளைக்கு நேத்து ரெண்டு விரா. கேசவா நாராயணா மாதவான்னேன், கப்புனு மாட்டிக்கிச்சு. கொழம்பு வச்சு துன்னோம். துன்னும்போதுகூட உன்னத்தான் நெனச்சிக்கினு துன்னோம்."

"துன்னும்போது என்னை ஏண்டா நினைக்கறே, பாவி" என்பார் வேதாந்தம். அவருக்குப் பெருமைதான்.

குழுவில் எல்லாருடைய மீன்களும் படமாக வந்தபடி இருக்கும். வேதாந்தத்தின் படங்களில் கழி இருக்கும், ரீல் இருக்கும், ஏரியும் சூரியோதயமும் இருக்கும். மீன் இருக்காது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் ஏரிக்குப் போயும் அவர் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. மீன் வராமல் இல்லை. தண்ணீர் பிளந்து தவளை மறையும். 'கேசவா' என்று தொடங்குவார். 'நாராயணா' வருவதற்குள் கை வெடுக்கென்று இழுத்துவிடும். வெறும் தவளை காற்றில் பறந்து வந்து அவர் தொப்பியில் மோதும். "நுனி கொஞ்சம் ஸாஃப்ட்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அடுத்த கழிக்கு ஆர்டர் போடுவார்.

இதில் வஸுமதியின் சட்டத்துக்கும் பங்கு உண்டு. முதல் கழி வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "மீன் படாத வரைக்கும் அது வெறும் கழி. உள்ளே இருந்துட்டுப் போகட்டும். ஒரு மீன் பட்டுதுன்னா அப்புறம் அது வாசப்படி தாண்டப்படாது. மொட்டை மாடியிலே தண்ணித் தொட்டிக்கு அடியிலே வெச்சுக்கோங்கோ. நீங்களும் கொல்லைக் குழாயிலே கையலம்பி, தீர்த்தமாடிட்டுத்தான் உள்ளே வரணும்."

சட்டம் அத்தோடு சரி. மற்றபடி அவள் விரோதி இல்லை. வேதாந்தம் மாடியில் கொக்கி இல்லாத தவளையை வாளிக்குள் வீசிப் பழகும்போது ரீலில் நூல் சிக்கிக்கொண்டால், கொண்டை ஊசியால் பொறுமையாக எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆனால் மொட்டை மாடி குரங்குகளின் ராஜ்யம். துணி உலர்த்துகிற கம்பியையே வளைத்துவிட்டுப் போகிற கூட்டத்துக்கு நடுவில் தலைமுடி கனத்துக்கு நுனி உள்ள கழியை வைப்பது எப்படி? ஒவ்வொரு தடவை மீன் தப்பும்போதும் இன்னும் நல்ல கழியாகத் தேடித் தேடி வாங்கினார். நல்ல கழி என்பதால் அதைக் குரங்குகளிடம் இழக்க மனசில்லை. கை 'கேசவா'விலேயே இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் ஹேமநாத். அம்பத்தூர்ப் பையன், ஸ்ரீசிட்டியில் இன்ஜினியர், தொப்பியில் கேமரா மாட்டிக்கொண்டு மீன் பிடிப்பவன். புதுக் கழியின் படத்தை வேதாந்தம் குழுவில் போட்டதும் அதற்குக் கீழே எழுதினான்: "சூப்பர் மாமா. இதுவும் ப்யூர் வெஜ் ராட்தானே?"

சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று விழுந்தன. ஏகாம்பரம்கூட ஒன்று போட்டு, பிறகு அழித்துவிட்டான். அதோடு போயிருந்தால் வேதாந்தமும் சிரித்திருப்பார். ஆனால் மறுநாள் தருண் என்கிற கல்லூரிப் பையன் கலங்கல் தண்ணீருக்கு எந்தத் தவளை என்று கேட்டான், ஹேமநாத்திடம். ஹேமநாத் கறுப்பு என்றான். வேதாந்தம் சொன்ன கறுப்பு. யாரும் ராட் மாமாவை நினைக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் குரல்பதிவு இல்லை. வஸுமதி மூன்றாம் நாள் கேட்டாள், "தொண்டை சரியில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை புதுக் கழியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தயிர்சாத டப்பாவைக் கையில் கொடுக்கும்போது வஸுமதி கழியை ஒரு பார்வை பார்த்தாள். "இது அழகா இருக்குன்னா" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் ஒரு கழியைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு கழியை எடுத்துக்கொள்ளலாமா என்று வேதாந்தம் வாசல் வரை யோசித்தார்.

புத்தலப்பட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஏரி. பாதிக்கு மேல் தாமரை இலை. ஏகாம்பரமும் ஹேமநாத்தும் முன்பே வந்திருந்தார்கள்.

"மாமா, இன்னிக்குக் கணக்கைத் தொடங்கிடுவீங்களா?" என்றான் ஹேமநாத்.

"தம்பி, சும்மா இரு. சாமிக்குத் தெரியாததா?" என்றான் ஏகாம்பரம். அதில் நம்பிக்கையைவிட இரக்கம் தூக்கலாக இருந்தது. வேதாந்தத்துக்கு ஹேமநாத்தே தேவலை என்று பட்டது.

கறுப்புத் தவளையை எடுத்து மாட்டினார். இலைகளுக்கு நடுவே ஒரு சந்து பார்த்து வீசினார். தவளை விழுந்தது, தத்தியது, நின்றது, மறுபடி தத்தியது. இரண்டாவது இலையைத் தாண்டும்போது தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணோம்.

கேசவா.

"சாமி, இரு, இரு, இழுத்துடாத" என்று ஏகாம்பரம் அடிக்குரலில் கெஞ்சினான்.

நாராயணா. வேதாந்தத்தின் கண்ணுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டிமேல் ஒரு குரங்கு உட்கார்ந்து புதுக் கழியை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தது.

மாதவா.

இழுத்தார். கழியின் நுனி வளைந்து கொடுத்தது. அடி வளையவே இல்லை. ரீல் வெண்ணெயாக நூலை விட்டது. அவர் இத்தனை நாள் ஊருக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நிஜமாக இருந்ததில் அவரே அரண்டுபோனார். விரால் கரைக்கு வந்தபோது முழங்கை நீளம் இருந்தது. மீனைத் தொடாமல் பிடிப்பதற்கென்றே அவர் வாங்கிய இடுக்கி, பிரிக்காத உறையோடு பையில் இருந்தது. அதன் நினைவே வரவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வலது கையால் மீனைத் தலைக்குப் பின்னால் பற்றி, இடது கையால் கொக்கியைக் கழற்றினார். உள்ளங்கைக்குள் அது ஜில்லென்று, வழவழவென்று, ஒரே தசையாகத் துடித்தது. பெருமாள் உள்ளிலோ வங்கியிலோ அவர் கை அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடியைத் தளர்த்தினார். அது ஒரு கணம் கையிலேயே நின்றது. பிறகு போய்விட்டது.

"ஐயையோ! கொழம்பு போச்சே சாமி!" என்று ஏகாம்பரம் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஹேமநாத் தொப்பிக் கேமராவைக் கழற்றிப் பார்த்து முகம் வெளிறினான். "மாமா, நான் ஆன் பண்ணவே இல்ல. போட்டோகூட எடுக்கல. யாரும் நம்ப மாட்டாங்க. இன்னொண்ணு புடிங்க மாமா, ப்ளீஸ்."

"அது போயாச்சுப்பா" என்றார் வேதாந்தம். அன்று அதற்கு மேல் தூண்டில் போடவில்லை.

திருப்பதி வரும் வரை அவருக்கு யோசிக்க நிறைய இருந்தது. படம் இல்லை. சாட்சி சொல்லக்கூடிய இரண்டு பேரும் வஸுமதியின் கண்ணில் படப்போவதில்லை. மீன் தொட்டது தவளையைத்தான், கழியையே அல்ல என்றுகூட வாதாடலாம். வங்கியில் இதைவிடப் பலவீனமான வாதங்களை அவர் ஜெயித்திருக்கிறார்.

வஸுமதி வாசலில் நின்றிருந்தாள். டப்பாவை வாங்கினாள், கனமாக இருந்தது.

"தயிர்சாதம் சாப்பிடலையா?"

"இல்லை."

அவள் கழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பட்டுதா?"

வேதாந்தம் கழியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வாசல்படியை விட்டு விலகி, வெளிப்பக்கத்து மாடிப்படியில் ஏறினார். மேலே குரங்குகள் கலைகிற சத்தம் கேட்டது. அவர் இறங்கி வர நேரமாயிற்று. வந்தபோது தோளில் துண்டு இல்லை. கழிக்குப் போர்த்திவிட்டு வந்திருந்தார்.

கொல்லைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வஸுமதி செம்பில் எடுத்து வந்து, பட்டுக்கொள்ளாமல் எட்ட நின்று, "கையை நீட்டுங்கோ" என்று சாய்த்தாள்.

வேதாந்தம் மீனைப் பிடித்திருந்த வலது கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் நீட்டினார்.