வழுக்காத பதினோரு அடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கிரேனுக்குக் கொக்கி மாட்டினேன். எர்ணாவூரில் முழங்கால் அளவுச் சேற்றில் மனை வாங்கியபோது ஊரே சிரித்தது. முப்பத்தெட்டு லாரி மண் கொட்டி மேடாக்கினேன். இரண்டு மாடி, ஏழு அறை, கூடத்தில் மாதா பீடம், தரை முழுக்க முகம் தெரிகிற டைல்ஸ். எல்லாம் நான் ஒருவன் நின்று எழுப்பியது.

அந்த டைல்ஸில்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரி ஸ்டெல்லா குளியலறையிலிருந்து ஈரக்காலோடு வந்து வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இன்று மாலை நான்கு மணிக்கு வீடு திரும்புகிறாள். இன்னொரு முறை விழுந்தால் நடையே கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பயணம்: யானைக்கவுனிக்கு, பதினான்கு கிலோமீட்டர், தரைவிரிப்பு வாங்க.

காலை 9.30. எங்கள் தெருப் பையன் பஷீரின் ஆட்டோ. போக, வர, காத்திருக்க எழுநூறு ரூபாய். நான் ஏற்றிய சாமான்களைப் பார்த்து அவன் முழித்தான். ஸ்டெல்லாவுக்கு வாங்கிய வாக்கர், ஒரு பாட்டில் தண்ணீர், வீடு கட்டியபோது மிஞ்சிப் பரணில் கிடந்த டைல்ஸ் ஒன்று.

"இன்னா நைனா, கடைக்குப் போறியா, வூடு மாத்துறியா?"

"வண்டிய எடுடா. நாலு மணிக்கு அவ வந்துருவா."

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துவிட்டன. இருபது நிமிடம் நகரவில்லை. மடியில் டைல்ஸ் கனத்தது. ராயபுரத்தில் நான் பிறந்த தெருவைக் கடந்தோம். திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

11.10. கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்தார். கூடத்துக்குப் பூவேலைக் கம்பளம், ஆறுக்கு ஒன்பது அடி, ஏழாயிரத்து ஐந்நூறு. அழகுதான். வாக்கரைப் பிடித்து, ஸ்டெல்லா மாதிரியே இடது காலை இழுத்து நடந்தேன். ஓரத்தில் வாக்கர் இடறியது. படுக்கையறைக்கு நீள மயிர் விரிப்பு, மூவாயிரத்து இருநூறு. என் காலும் புதைந்தது, வாக்கரும் புதைந்தது. தென்னைநார் விரிப்பு நகராமல் நிற்கும்; ஆனால் வெறுங்காலைக் குத்தும், எங்கள் பக்கம் காற்றில் வந்து படிகிற கரித்தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி ஜமக்காளம் துவைக்க லேசு. டைல்ஸைக் கீழே வைத்து, தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஜமக்காளத்தைப் போட்டு மிதித்தேன். சர்ரென்று போனது. பஷீர் பிடிக்காவிட்டால் எனக்கும் ஆஸ்பத்திரிதான்.

கடைக்காரர் டைல்ஸைத் தடவினார். "இது தரையா பெரியவரே, கண்ணாடியா? எவன் போட்டான் இத்த?"

புது வீட்டுக்குக் குடிபோன நாளில் இதே கேள்விக்கு மார்தட்டிப் பதில் சொன்னவன் நான். இன்று, "யாரோ கொத்தனார்" என்றேன். பஷீர் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

கடைசியில் மூலையில் சுருட்டிக் கிடந்ததைக் கேட்டேன். அடியில் ரப்பர் ஒட்டிய சாம்பல் நிற விரிப்பு, மூன்றடி அகலம், நீளம் ஓர் அடிக்கு நூற்றெண்பது ரூபாய். ஈர டைல்ஸின்மேல் போட்டு ஏறி நின்றேன்.

"ஆபீஸ் கணக்கா கீது நைனா."

"நவுருதா?"

"நவுரல."

"அது போதும்."

கட்டிலிலிருந்து குளியலறை வரை பதினோரு அடி. அந்த அளவுக்கு வெட்டி வாங்கினேன். ஓரங்களை ஒட்ட டேப் வேறு.

1.40. தண்டையார்பேட்டையில் மறுபடி நெரிசல். மகள் ஜெனிஃபர் போன் செய்தாள். "டாடி, சீக்கிரமே அனுப்பிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏறிட்டோம்."

"பஷீரு, சந்துல வுடு!"

2.35. வீடு. இருவரும் மண்டியிட்டு ஒட்டினோம். ஓரம் எங்காவது தூக்குகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். வெளியே ஆம்புலன்ஸ் நின்றது.

ஸ்டெல்லா அறை வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கட்டில் வரை நானும் மகளும் தாங்கிக்கொண்டு போனோம். அங்கிருந்து தானே நடப்பேன் என்றாள். ஒரு கால் வைத்தாள். நின்றாள். இன்னொன்று. குளியலறைக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பஷீரு, நல்லா பாத்து வாங்கிகினு வந்துகீற. இவரா இருந்தா பூப்போட்டதத்தான் வாங்கியிருப்பாரு."

அந்தப் பயல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் நான் சொன்னது பொய். வேண்டாம் என்ற கொத்தனாரோடு சண்டை பிடித்து அந்தக் கண்ணாடித் தரையைப் போடவைத்தவன் நானேதான். அது என் பேரிலேயே இருக்கட்டும். ஆனால் அந்தப் பதினோரு அடியும் என் பேரில்தான் இருக்க வேண்டும். பஷீர் ஆட்டோதான் ஓட்டினான்.