கொதிக்க வைத்த தண்ணீர்

என்னை யாராவது 'படிச்ச பொண்ணு' என்று சொன்னால், அடுத்து வரப்போகும் வாக்கியத்துக்காகக் காத்திருப்பேன். பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும், கல்யாணம் எப்போது, உனக்கு என்ன தெரியும். மூன்றாவதுதான் அதிகம் வரும், சிரித்துக்கொண்டே.

நான் ரேணிகுண்டாவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலைகளும் ஓட்டல்களும் அனுப்பும் பாட்டில்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. தங்குவது திருப்பதியில், பெண்கள் விடுதியில். சனிக்கிழமை புத்தூர் வழியாக பஸ் பிடித்து, பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போவேன். வழி நெடுகப் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள். வரிசையாக முகங்கள், முகத்துக்குக் கீழே ரேங்க். அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பது எந்தப் பலகையிலும் இருக்காது.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை முடிவு வந்த அடுத்த ஞாயிறு, தேறியவர்கள் மதிப்பெண் பட்டியலைக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டு பீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். ஐயர், எங்கள் பாதிரியார், மதிப்பெண்ணை வாசிப்பார். சபை கைதட்டும். பிறகு ஜெபம். நான் நான்கு முறை நின்றிருக்கிறேன். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து நின்ற அன்று நைனா, என் அப்பா, அழுதார். நான் படித்ததில் ஒரு வரியையாவது அந்தக் கட்டடத்துக்குள் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கேட்காமலேயே சொல்லப் போனதுதான் தகராறு.

அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. டாக்டர் பால் பவுடர் எழுதிக்கொடுத்தார். அக்கா அதைக் கோயில் போர் தண்ணீரில், சபை போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினாள், அதுவும் இரண்டு முறை கொதிக்க வைத்து, பாதியாகச் சுண்டிய பிறகு. அவ்வளவு கவனம். போரைச் சுற்றி யூரியா போடும் வயல்கள், சாணக் குழிகள், கழிவறைத் தொட்டிகள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். நைட்ரேட் மிக அதிகம். ஆறு மாதம் முடியாத கைக்குழந்தைக்கு அது ரத்தத்தில் ஆக்சிஜன் போவதைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலமாகும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் சொன்னேன். குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், கொதிக்க வைத்தால் இன்னும் மோசம் என்றேன்.

"இன்னாம்மா, கொதிக்க வெச்சா தண்ணி கெட்டுப் பூடுமா?" என்றாள் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கும் அத்தை ஒருத்தி.

"இது கிருமி இல்ல அத்த, உப்பு மாதிரி. ரசம் சுண்டுனா உப்பு கரிக்குதுல்ல? அதே மாதிரி தண்ணி கொறையக் கொறைய இது கூடும்."

"ரசத்துல டிகிரி வாங்கினு வந்துகீறா நம்ம பொண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும். ஒருவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், நன்றாகக் காய்ச்சிய தண்ணீரில் எந்தத் தீங்கும் இல்லை என்று தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். அவர் யார், எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. என் மதிப்பெண்களை நான்கு முறை வாசிக்கக் கேட்டவர்கள் அவர்கள்.

நைனா சிரிக்கவில்லை. அவர்தான் சபைக் கமிட்டிச் செயலாளர், போர் போட முன்னின்றவர். "இன்னொரு வாட்டி டெஸ்ட்டு பண்ணு. பாட்டில நானே எடுத்தாறேன்" என்றார்.

வியாழக்கிழமை அவரே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். சோதித்தேன். கரைந்த உப்புகள் முதல் பாட்டிலில் நான்கு இலக்க எண்ணாக இருந்தன. இப்போது இரண்டு இலக்கம். நைட்ரேட் இல்லை என்றே சொல்லலாம். எந்தப் போரும் இரண்டு வாரத்துக்குள் இப்படித் திருந்தாது. இப்படி ஒரு தண்ணீர், சுத்திகரித்துக் கடையில் விற்கும் கேனில்தான் வரும்.

நான் இதற்கும் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். யாரோ நைனாவை ஏமாற்றியிருக்கலாம். பாட்டில் மாறியிருக்கலாம். நைனா என்னை ஏமாற்றியிருக்கலாம். முதல் இரண்டையும் எப்படியாவது நம்பிவிட வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. பரிசோதனையில் நம்பிக்கை இல்லாதவர் எதற்காகப் பாட்டிலை மாற்ற வேண்டும்?

சனிக்கிழமை அவர் அறிக்கை வாங்க வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஒரே தாளில் இரண்டு வரிசை எழுதியிருந்தேன். முதல் வரிசையில், கோயில் போர், எடுத்தவர் நான். இரண்டாவதில், வேறொருவர் கொண்டுவந்து கொடுத்தது, எடுத்த இடம் உறுதி செய்யப்படவில்லை.

நைனா அதை இரண்டு முறை படித்தார்.

"எங்க புடிச்ச, நைனா?"

"கோயிலாண்டதான்."

"கோயிலாண்ட கேன் வெச்சிகீறாங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் காலத்துல ஊர்க் கெணத்தாண்ட மேல்சாதிக்காரங்க நம்மள உடல. அவங்க கையிலதான் பேப்பர் இருந்துது, சர்வே நெம்பர், அது இதுன்னு. இந்தப் போர் ஒண்ணுதான் நம்ம தண்ணி. இத கெட்டதுன்னு நம்ம ஊட்டு பொண்ணே எழுதிக் குடுத்தா, அவங்க இன்னா சொல்லுவாங்க?"

காகிதத்தோடு வருகிறவர்களை அவர் ஏன் சந்தேகிக்கிறார் என்று புரிந்தது. இந்த முறை காகிதத்தோடு வந்தவள் நான்.

"கொழந்தைக்கு எந்தத் தண்ணி நைனா ஊத்தறாங்க?"

"அத நான் பாத்துக்கறேன்." தாளை நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தார். "நாளிக்கு தட்டுல வெக்கறேன்."

"வாசிப்பாங்களா?"

"ஜெபம் பண்ணுவாங்க."

'நான் பாத்துக்கறேன்' என்ற சொல்லை நான் நம்பவில்லை. பாட்டிலையும் 'நானே எடுத்தாறேன்' என்றுதான் சொல்லியிருந்தார். ஊரில் இறங்கியதும் அவருக்கு முன்னால் நடந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பாத்திரம் இல்லை. முக்காலியின் மேல் நீல நிறக் கேன் ஒன்று இருந்தது. அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பவுடர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமையிலேந்து நைனா கேன் எடுத்தாந்து போடறாருடி. இதுல கலக்குனா கொழந்த செவப்பா வருமாம்."

"யார் சொன்னது?"

"நைனாதான். டவுன்ல எல்லாம் இப்படித்தான் பண்றாங்களாம்."

உதடு நீலமாகும் என்று நான் சொன்னதை அவர் இப்படி ஆக்கியிருந்தார். உண்மைக் காரணத்தைக் கேட்டுச் சிரித்தவள், இதைக் கேட்டு ஒரே நாளில் தண்ணீரை மாற்றிவிட்டாள். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். ரசம் நினைவுக்கு வந்தது. திருத்தவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். கேனை மூடி வைக்கிறாயா? பாலாடையையும் பாட்டிலையும் எந்தத் தண்ணீரில் கழுவுகிறாய்? இதை எத்தனை நாளைக்கு ஊற்றப் போகிறாய்?

முதல் இரண்டுக்கும் சரியான பதில் சொன்னாள்.

"செவப்பா வர வரிக்கும்" என்றாள் மூன்றாவதுக்கு.

குழந்தையைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். உதடு, நகம், உள்ளங்கால், எங்கும் நீலம் இல்லை. மற்றபடி எங்கள் எல்லோரையும் போல நல்ல கறுப்பு. ஆறு மாதம் முடியும்வரை இந்த நிறம் மாறப் போவதில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.