ஒரு கொடி, இரண்டு கைப்பு

மொன்றியலுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே ஒருவன் தன் குசினியில் பியர் காய்ச்சினால் பொலிஸ் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிளாசோடு வருகிறார். எங்களூரில் வீட்டில் காய்ச்சுவதற்குப் பெயர் கசிப்பு, ஒளித்துத்தான் காய்ச்ச வேண்டும். மொன்றியலின் இல்-பிசாரில் உள்ள எங்கள் வீட்டில் நான் கதவைத் திறந்து வைத்தே காய்ச்சினேன். "சனம் என்ன கதைக்கும்?" என்று மனைவி சாந்திதான் ஜன்னலைச் சாத்துவாள்.

பக்கத்து வீட்டு ரெஜான் ஒரு வசந்தத்தில் எனக்கு ஒரு வேர்த்துண்டு தந்தார். பெயர் ஊப்லோன், பியருக்குக் கைப்பும் வாசமும் கொடுக்கும் பூங்கொடி. அவர் தன் கொடியை உயரமான கயிற்றில் ஏற்றுவார். நானோ பாகலுக்குப் போடுவதுபோலப் பந்தல் போட்டேன். அவர் சிரித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த வருடம் பூத்ததும், "ஒக்டோபரில் எங்கள் வீட்டு விருந்துக்கு என் பூவில் மட்டுமே பியர்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "ஓன் வெரா" என்றார் பிரெஞ்சில். வருவோம் என்கிறாராக்கும் என்று மகிழ்ந்துபோனேன். 'பார்ப்போம்' என்றுதான் அர்த்தமாம், மகள் சொன்னாள். அதன்பிறகு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

கைக்கெட்டிய பூவையெல்லாம் பறித்து நிலவறையில் ஒரு தட்டில் உலரப் போட்டேன். என்ன பூ என்று சாந்தி கேட்டாள். "வேப்பம்பூ மாதிரி, நல்லாக் கைக்கும்" என்றேன்.

மறுநாள் வேலையால் வந்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. பல்கனி வெயிலில், சுளகு நிறைய வடகம். உளுந்து, வெங்காயம், செத்தல் மிளகாய், என் பூ. ஊரில் வேம்பு பூக்கும் காலத்தில் சாந்தி வீட்டில் மரத்தடியில் பாய் விரித்து வடகத்துக்குப் பூச் சேர்ப்பார்கள். உளுந்து எவ்வளவு என்று கேட்க டெலிபோன் கார்ட் வாங்கி நல்லூரில் உள்ள தமக்கைக்கும் போன் எடுத்திருக்கிறாள்.

"வேப்பம்பூ மாதிரி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பியருக்குக் கடையிலை பூப் பக்கெற் வாங்கிறனீங்கள்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் இந்த நாட்டில் கண்டதில்லை. ஏணியைத் தேடினேன்.

பந்தல் உச்சியில் மிஞ்சியிருந்த பூவைப் பச்சையாகவே போட்டுக் காய்ச்சினேன். பச்சைப் பூ நிறைய வேண்டும், என்னிடம் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒரு பக்கெற்கூட வாங்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

விருந்தன்று ரெஜான் ஒரு வாய் குடித்தார். வாசம் நல்லது, கைப்புத்தான் போதாது என்றார். என் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் சாந்தி பொரித்த வடகத்தை நீட்டினாள். ஒன்றைக் கடித்தார், மறுபடி குடித்தார்.

"லா, வி" என்றார். இப்போது சரியாம். "இது என்ன?"

"ஊப்லோன்" என்றேன். அவர் கிளாசையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த வசந்தத்தில் சாந்தி பந்தலின் நடுவே ஒரு கயிறு கட்டினாள். "இந்தப் பக்கம் வடகத்துக்கு, அந்தப் பக்கம் உங்கடை பியருக்கு." நானும் ஓம் என்றேன். கொடி அந்தக் கயிற்றையே பிடித்துக்கொண்டு ஏறியது.