வேர்க்கும் தளம்

உத்திரமேரூருக்கு அருகே எங்கள் ஊரில், அந்தக் காலத்து அரிசி ஆலை முதலாளி கட்டிய மாளிகையை மழை சாய்த்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சாய்த்தது நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வீட்டின் அமைப்பு எனக்கு மனப்பாடம். கூடத்தில் எட்டுத் தேக்குத் தூண்கள். சன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பு, பச்சைக் கண்ணாடி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மாடி உப்பரிகையை ஆலையின் புகைபோக்கி தெரியும்படி வைத்திருந்தார் மனிதர். கோயில் கோபுரம் தெரிகிற பக்கம் குளியலறை. முதலாளியின் பக்தி அவ்வளவுதான். இத்தனைக்கும் மேலே, தேக்கு உத்தரங்கள் மீது செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அடித்த தளம்.

ஆலை மூடியபின் அதில் தனியாக இருந்தவர் முதலாளியின் பேரன் மனைவி. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. கொழுந்தன்மார் சென்னையில். தன் உயிர் அந்த வீட்டில்தான் போக வேண்டும் என்பார். வேறு ஆசை எதுவும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் சிவில் டிப்ளமா படித்து வீடு கட்டிக் கொடுப்பவன். ஓர் ஐப்பசி மழையில் கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தின் மேற்கூரை முழுக்க ஈரம்.

"ஒயுவுதும்மா," என்றேன்.

"ஒயுவல நைனா, வேர்க்குது. எங்க மாமியார் காலத்துலருந்து இப்டித்தான் கீது. தை வெயில்ல தானா காஞ்சிடும்."

தளத்துக்கு வேர்க்குமா என்று சிரித்தேன். மேலே சிமெண்ட் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்றேன். "நீ படிச்சவன், நீ சொன்னா சரி," என்றார். கம்பி கட்டி நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரை இன்ஜினியர்.

அவர் சொன்னதுதான் சரியான வார்த்தை. சுண்ணாம்பு தான் குடித்த ஈரத்தை வெயிலில் மேல்வழியாக விட்டுவிடும். அந்த வழியை நான் அடைத்தேன். ஈரம் உள்ளேயே தங்கி, சுவருக்குள் போகிற உத்தர முனைகளை வருஷா வருஷம் மக்க வைத்தது. நான் ஏற்றிய பாரம் வேறு. போன கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு பகல், அவர் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது கூடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மீதியையும் கொழுந்தன்மார் இடித்துவிட்டார்கள்.

இப்போது வாலாஜாபாத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போன வாரம் போனேன். காபி கொடுத்தார்.

"அம்மா, அந்தத் தளம்..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தத்தான் நானும் வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு கீறேன் நைனா. தூணு போச்சு, செவுரு போச்சு. நீ போட்ட சிமெண்டு மட்டும் பலகையாட்டம் முழுசா கெடந்துது. அத்த இன்னும் மின்னாடியே போட்டிருந்தா வூடு நின்னிருக்கும்."

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.