நாற்பத்தேழு கிலோ பிச்சி

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பூ மண்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். முதலில் கிளம்புகிற பஸ்ஸில் ஏறிவிடுவதாக எண்ணம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து இதுதான் வழக்கம். பரோட்டாக் கடை, தறிக்கூடம், ஃபிளெக்ஸ் கடை எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுவந்தேன். அன்று விட்டது ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஸ்கிரீன் டிசைன் வேலை.

கோடிங் தெரியாதவனும் ஸ்கிரீன் செய்யலாம் என்று அப்போது ஒரு புது டூல் வந்திருந்தது. பெட்டிகளை மவுஸால் இழுத்து வைத்தால் போதும். ஒரு தடவை வரைந்தால் கம்ப்யூட்டரிலும் ஓடும், வெப்பிலும் ஓடும். மண்டிக்கு நான் வரைந்த ஸ்கிரீனில் எடைக்கு ஒரு பெட்டி, விலைக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு விவசாயிக்கும் மண்டியில் ஒரு நம்பர் உண்டு; அதற்குப் பெட்டி வைக்க மறந்துவிட்டேன். கடைசியில் அதையும் இழுத்து மேலே வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

அன்று காலையில் தராசடியில் எடை போடும் மாரியக்கா டைப் அடித்தாள். ஒரு கை ஈரப் பூவில், மறு கை நம்பர் கீயில், கண் தராசில். ஸ்கிரீனைப் பார்க்கவே மாட்டாள். நம்பர், என்டர், எடை, என்டர், விலை. ஆனால் கர்சர் மேலிருந்து கீழே போகவில்லை; எந்தப் பெட்டியை நான் முதலில் வைத்தேனோ அந்த வரிசையில்தான் போனது. நம்பர் எடைப் பெட்டியில் விழுந்தது. மவுஸாலேயே சோதித்துப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

நாற்பத்தேழாம் நம்பர் குருவிகுளத்து விவசாயி சீட்டை நீட்டினார். "மூணு கிலோ பிச்சி கொண்டாந்தேன். நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. மிச்சத்த எங்கன போயி பறிக்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. மொட்டு விரிந்தால் கேரளா வேனில் ஏற்ற மாட்டார்கள். நோட்டுக்கு மாறியும் பாதிப் பூ தங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கடை முதலாளி போனில், "இனி கடைப்பக்கம் வந்துராதலே" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வாசலை எட்டியபோது மண்டி நடத்தும் அண்ணாச்சியின் போன். "தம்பி, மவுஸ் உம்ம பையிலயா கெடக்கு?"

கிடந்தது. திரும்பிப் போய் மாரியக்காவிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குலே அது? ஈரக் கையோட அதப் புடிக்கவா?" என்றாள் மாரியக்கா. "நீ இங்கன உக்காரு. கண்ண மூடிட்டு அடி பாப்போம்."

அடித்தேன். நம்பர் எடைக்குப் போனது. அப்போதுதான் விளங்கியது. டூலில் பெட்டிகளின் வரிசை எண்ணை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"நாளைக்கும் இதே கதைன்னா?" என்றார் அண்ணாச்சி.

"அப்பம் இவன் பக்கத்துல நின்னு நோட்டுல எழுதட்டும். ஆள் வேணும்லா" என்றாள்.

இப்போது வாயால் சொன்னாலே டூல் ஸ்கிரீனை வரைந்து தருகிறது. அன்றைக்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ ஸ்கிரீன் செய்துவிட்டேன். ஒவ்வொன்றையும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்க்கிறேன். விரலில் பிச்சி வாசம் வருவதுபோல இருக்கும்.

அன்றைக்கு மறுநாள் விடிந்ததும் தராசடியில் நோட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். மாரியக்கா டைப் அடித்தாள். பத்து மணிவரை நோட்டுக்கு வேலையே வரவில்லை. பூக்கூடைகளைத் தூக்கி வைத்தேன்.