பெருக்கல் குறி போட்ட சந்து

வகுப்பில் பாடம் நடத்துவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டென்றால், அது தேர்தல் நாளில் ஓட்டுச்சாவடி மேசையில் உட்காருவதுதான். ஓட்டுப் போடுவது கட்டாயமான அந்த வருஷம், தமிழ்ப் பள்ளி ஆசிரியனான என்னையும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சாவடியில் உட்கார வைத்தார்கள். அந்த மேசையில் வதைபட்ட சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலாளியின் உரிமை

முதலில் வந்தவர் ஒரு மளிகைக்கடை முதலாளி. தன் அடையாளக் கார்டோடு கடையாட்களின் கார்டுகளையும் மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் பரப்பி, எல்லாருடைய ஓட்டுச் சீட்டையும் தன்னிடமே தரச் சொன்னார். அவரவர் வந்துதான் போட வேண்டும் என்றேன். அவர் கல்லாவில் நான் கைவைத்துவிட்டதுபோல் முகம் சிவந்துவிட்டது.

"சோறு போடுறது நான், படுக்க இடம் கொடுக்கிறது நான். ஓட்டு மட்டும் எப்படி லா அவனவன் சொந்தமாகும்?"

டை கட்டியவர்

அடுத்து வெள்ளைக்காரக் கம்பெனியின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா ஒருவர், டையும் கையில் இங்கிலீஷ் பேப்பருமாக வந்தார். அப்பாடா, விஷயம் தெரிந்தவர் ஒருவராவது வந்தாரே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சீட்டை மேலும் கீழும் பார்த்தவர், குனிந்து என் காதருகே ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இதுல மகாராணியாரோட சின்னம் எது, மிஸ்டர்?"

செல்லையாவின் வெற்றிச் சிரிப்பு

செல்லையா என் பழைய மாணவன். மூன்றாம் வகுப்போடு நின்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். அவன் குடியிருந்த சந்து முழுக்க ஒரே வீட்டுக்காரருடையது. வீடுகளை இடித்துக் கடை கட்டப்போகிறேன், காலி பண்ணுங்கள் என்று மிரட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரே தேர்தலிலும் நின்றார். குடியிருப்பவர்களை விரட்டவிட மாட்டேன் என்றார் எதிரே நின்றவர்.

செல்லையாவுக்குக் கைக்குழந்தை வேறு. அந்த ஒற்றை அறையை விட்டால் போக்கிடம் இல்லை. வேலை முடிந்து வந்து கதவு கதவாகத் தட்டினான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சின்னங்களைக் காட்டி, எதற்கு நேரே குறி போட வேண்டும் என்று பழக்கினான். தேர்தலன்று சந்தே திரண்டு வரிசையில் நின்றது. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் பார்த்தால் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார்! அதுவும் சொற்ப ஓட்டில். செல்லையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்; பின்னால் குழந்தையோடு அவன் மனைவி.

"ஏதோ மோசடி பண்ணிட்டானுங்க சார். எங்க சந்துல ஒருத்தர் விடாம அந்த வீட்டுக்காரன் பேருக்கு நேரா பெருக்கல் குறி போட்டோம். அப்புறம் எப்படி சார் ஜெயிப்பான்?"

"அடப்பாவி! பெருக்கல் குறி போட்டால் அந்த ஆள்தான் வேண்டும் என்று அர்த்தமடா!" என்று கத்திவிட்டேன். மேடைக்கு மேடை பெருக்கல் குறி போடுங்கள் என்றுதான் முழங்கினார்கள். வேண்டியவருக்கா, வேண்டாதவருக்கா என்று இப்படி ஒரு சந்தேகம் வரும் என்று யாருக்குத் தோன்றியது? அவன் மனைவி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். செல்லையா என்னையே பார்த்தான்.

"தப்புன்னாத்தானே சார் பெருக்கல் குறி? என் சிலேட்டுல நீங்கதானே போட்டுக் காட்டினீங்க?"

சந்து இடிபட்ட நாளிலிருந்து தப்பான கணக்குக்கு நான் வட்டம்தான் போட்டு வருகிறேன், ஓட்டுச் சீட்டிலும் என்றைக்காவது வட்டம் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே.